முப்பத்தேழு பங்கு

நீர்க்கல்பதி என்ற பழங்குடிக் குடியிருப்புக்குச் சமத்துவ விருது கிடைத்த செய்தியை நான்தான் கொண்டுபோனேன். அந்த மழைக்காலம் முழுக்க அவர்களுக்கு ஒரு படி அரிசிகூடக் கிடையாது என்ற செய்தியும் என்னிடம்தான் இருந்தது. இரண்டும் ஒரே உத்தரவில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு ஏழு கிலோமீட்டர் ஏற வேண்டும். ஆவணப்படி அது தார்ச்சாலை. ஒன்பது கோடியில் போட்டு, இரண்டு முறை பழுதும் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தார்ச்சாலையில் முள் குத்தி நொண்டிக்கொண்டே ஏறிய அரசு ஊழியன் அநேகமாக நான் ஒருவன்தான்.

என் பெயர் சற்குணம், வேலை களச் சரிபார்ப்பாளர். வேலை இன்னதென்று சொல்வதற்கு முன் துலாக்கோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழங்குடிகளுக்கு ஒதுக்கிய பணத்தை நடுவில் இருப்பவர்கள் தின்றுவிடுகிறார்கள் என்று நாடு முழுக்கப் பெரிய கூச்சல் எழுந்தது. அது உண்மையாகவும் இருந்துதொலைத்ததால், நடுவில் மனிதர்களே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். மலையில் இருக்கும் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டையைக் கட்டினார்கள். அது ரத்தத்தைப் பார்த்து, உடம்பில் சத்து எவ்வளவு என்று துலாக்கோல் என்ற இயந்திரத்துக்குச் சொல்லும். ஒரு கோடு உண்டு. கோட்டுக்குக் கீழே யார் இறங்கினாலும் பட்டையில் சிவப்பு எரியும். மறுநாள் காலையில் அந்த ஆளின் பெயரெழுதிய உணவுப்பெட்டி பறந்துவந்து வாசலில் இறங்கும். தாசில்தார் இல்லை, குடோன் இல்லை, கமிஷன் இல்லை. தொடக்க விழாவில் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். இயந்திரம் சொல்வது சரிதானா என்று நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட மட்டும் ஒரு மனிதன் தேவைப்பட்டான். அந்த மனிதன் நான்.

பதியில் என் வார்த்தையைக் கேட்க முப்பத்தேழு பேரும் கூடியிருந்தார்கள். ஊரே அவ்வளவுதான். மருதி முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். அங்கே பங்கு வைப்பவள் அவள். தேன் வந்தாலும், கிழங்கு வந்தாலும், யாராவது கீழே போய் நூறு ரூபாய் சம்பாதித்து அரிசி வாங்கி வந்தாலும் எல்லாம் அவள் முன்னால் வந்து குவியும். முப்பத்தேழாகப் பிரிப்பாள். அன்றைக்குக் காட்டுக்குப் போகாதவனுக்கும் உண்டு, சண்டை போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டவனுக்கும் உண்டு. எல்லாரும் எடுத்தது போக மிஞ்சியது பிரித்தவளுக்கு.

விருதைப் படித்துக் காட்டினேன்.

"அதுல என்னுங்க சாரு தருவாங்க?" என்று கேட்டாள் மருதி.

"ஒரு சான்றிதழ். கண்ணாடி போட்டது."

"மொகம் பாத்துக்கலாம்" என்றான் அவள் புருஷன் பெட்டன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, இரண்டாவது பத்தியைப் படித்தேன்.

சிரிப்பு நின்றது. மழை மூன்று மாதம் பெய்யும். அந்த மூன்று மாதமும் காட்டில் ஒன்றும் கிடைக்காது. கிழங்கு அழுகிவிடும், தேன் இருக்காது. கீழே தோட்டங்களில் பறிக்கும் இயந்திரம் வந்ததிலிருந்து கூலி வேலையும் போய்விட்டது. துலாக்கோல் அனுப்பும் பெட்டிகளை நம்பித்தான் அவர்கள் அந்த மாதங்களைத் தள்ள வேண்டும்.

"ஏனுங்க இல்லீன்னு சொல்றாங்க?"

"துலாக்கோல் ஊரைப் பாக்காது மருதி. ஆளாளுக்குத்தான் பாக்கும். உங்கள்ல யாராச்சும் ஒருத்தர் கோட்டுக்குக் கீழ போனாத்தான் பெட்டி வரும். நீங்க முப்பத்தேழு பேரும் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேல நிக்கறீங்க. எல்லாரும் ஒரே அளவு. இப்படி ஒரு ஊரை அது பாத்ததே இல்லை. அதான் விருது."

"பக்கத்துப் பதிக்கு வருதுங்களே."

"அங்க நாலு வீட்ல சாப்பிடறாங்க, நாலு வீட்ல பட்டினி கெடக்கறாங்க. அதனால வருது."

"அப்ப நாங்க பங்கு வெக்கறதுதான் தப்புங்களா?" என்றாள் மருதி.

தப்பில்லை என்றேன். ஆனால் வாயை அத்தோடு மூடிக்கொள்ளவில்லை. யாராவது ஒருத்தர் மட்டும் சாப்பிடாமல் இருந்தால் ஒன்பது நாளில் சிவப்பு எரியும் என்று யோசனை சொன்னேன். நல்லது செய்கிற நினைப்பில்தான் சொன்னேன். இந்த மலையில் நடந்த கெடுதல்களில் பாதிக்குமேல் அந்த நினைப்பில் நடந்தவைதான்.

மருதி மறுநாளே சாப்பாட்டை நிறுத்தினாள். பெட்டன் தான் பட்டினி இருப்பதாகச் சொல்லிப் பார்த்தான். "பிரிக்கறவளுக்குக் கெடைக்காமப் போறது வழக்கந்தான்" என்று சொல்லிவிட்டாள். தினமும் இருப்பதை முப்பத்தாறாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்துப் படுத்தாள். ஒன்பதாம் நாள் பட்டையில் சிவப்பு எரிந்தது. பத்தாம் நாள் காலை பெட்டி வந்து இறங்கியது. அரிசி, பருப்பு, எண்ணெய், சத்துமாவு எல்லாம் பத்து நாளுக்கு, ஒரு ஆளுக்கு. மேலே பெரிய எழுத்தில் 'மருதி'.

அவள் என்ன செய்திருப்பாள் என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. மூடியைத் திறந்தாள், ஊரைக் கூப்பிட்டாள், பிரித்தாள். ஆளுக்கு ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் கூடுதல். ஒன்பது நாள் பட்டினி கிடந்தவள் கடைசியில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் துலாக்கோலிலிருந்து அறிவிப்பு வந்தது. அதையும் படித்துக் காட்ட நான்தான் மலையேறினேன்.

"கசிவுன்னு போட்டிருக்கு" என்றேன்.

"எங்க ஒழுகுதுங்க?"

"உங்க பேருக்கு வந்த சாப்பாடு உங்க ரத்தத்துல சேரலை மருதி. அதே நாள்ல மத்த முப்பத்தாறு பேர் ரத்தத்துல கொஞ்சம் கொஞ்சம் ஏறியிருக்கு. உங்களுக்கு அரசாங்கம் கொடுத்ததை இவங்க முப்பத்தாறு பேரும் கையாடிட்டாங்கன்னு அது சொல்லுது. சட்டப்படி குற்றம். இந்தச் சட்டத்துல பதிவாகிற முதல் வழக்கே இதுதான்."

"நாந்தான குடுத்தேன்."

"அதைப் பதிய அதுல இடம் இல்லை."

கையாடல் செய்தவர்கள் பட்டியலில் கடைசிப் பெயர் ஒன்றரை வயதுக் குழந்தையுடையது. ஒன்பது கோடிச் சாலைமேல் வழக்கு ஏதும் இல்லை. சாலைக்கு ரத்தம் கிடையாது, அதனால் அதில் கசிவும் கிடையாது. இது தெரிந்தும், படிக்க வேண்டியதைப் படித்தேன்.

வழக்கைக் கைவிட ஒரு வழி கொடுத்திருந்தார்கள். பாதிக்கப்பட்டவர், அதாவது மருதி, பத்து நாள் சரிபார்ப்பாளர் முன்னிலையில் தனியறையில் சாப்பிட வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். பட்டை பச்சைக்கு வந்துவிட்டால் முப்பத்தாறு பேரும் மன்னிக்கப்படுவார்கள்.

பதியில் கதவென்று ஒன்று பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் இருந்தது. வாத்தியார் வராமல் பூட்டிக் கிடந்த கட்டடம். அதைத் திறந்து, கூட்டி, கேமராவை மாட்டி, மருதியை உட்கார வைத்தேன். தட்டில் சோறும் பருப்பும் வைத்தேன். வெளியே சுவரையொட்டிப் பிள்ளைகள் நிற்கும் சத்தம் கேட்டது. சோற்று வாசனைக்கு அந்தச் சுவர் ஒரு தடையே இல்லை.

மருதி தட்டில் கைவைத்தாள். விரல்கள் தாமாகவே சோற்றைச் சின்னச் சின்னக் குவியலாகப் பிரிக்க ஆரம்பித்தன. நாலு, ஐந்து, ஆறு. அவளுக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"உணவைப் பிரிக்க வேண்டாம். உட்கொள்ளவும்" என்றது கேமரா.

அவள் என்னைப் பார்த்தாள். "சாரு, நீங்களாச்சும் ஒரு வாய் எடுத்துக்குங்க."

"எடுக்கக் கூடாது மருதி. அதுவும் கசிவாயிரும்."

"ஒரே ஒரு வாய். அப்பறம் எனக்கு எறங்கும்."

மாட்டேன் என்று தலையாட்டினேன். அவள் சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளத்தையும் விழுங்க அவள் பட்ட பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் அழவில்லை. எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. பத்து நாளும் மூன்று வேளையும் இதேதான். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து வெளியே வரும்போது யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். பிள்ளைகள் மட்டும் அவள் கையைப் பார்ப்பார்கள்.

பத்தாம் நாள் பட்டை பச்சையானது. நான் கையெழுத்துப் போட்டேன்.

"என்னையத் திருடியாக்கிட்டீங்க சாரு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துப் படியில் உட்கார்ந்தேன். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. "சர்க்காரு இந்தப் பட்டையப் பாக்காமக் குடுக்கறது ஒண்ணுகூட இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன், கசப்பில். "செத்தாக் குடுப்பாங்க. ஈமச்சடங்கு உதவி, இருபத்தஞ்சாயிரம். நெருங்கின சொந்தக்காரருக்கு அன்னிக்கே வந்துரும். பொணத்துக்கு ரத்தம் பாக்க முடியாதில்ல, அதனால கேள்வியே கிடையாது."

அவள் அதைக் கசப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. யோசித்தாள்.

"செத்தவங்கன்னு எப்பிடிங்க தெரியும்?"

"பட்டையில துடிப்பு நிக்கும். நான் வந்து பாத்துக் கையெழுத்துப் போடுவேன்."

"நீங்க மட்டும் போட்டாப் போதுங்களா?"

"போதும்."

"வாங்கறதுக்கு ஒருத்தரு உசுரோட இருக்கோணும். அவ்வளவுதானுங்களே?"

அவள் கேட்டது எனக்குப் புரிந்த நொடியில் எழுந்து போயிருக்க வேண்டும். ஓய்வுபெற எனக்குப் பதினான்கு மாதம் பாக்கி. ஆனால் பத்து நாள் அந்த அறையில் உட்கார்ந்தவன் நான். வெட்கம் ஒரு மனிதனை எப்போதாவது நல்லவனாக்கும். ரொம்ப நாளைக்கு இல்லை, கொஞ்ச நாளைக்கு. சரி என்றேன்.

முதலில் செத்தவன் பெட்டன். பட்டையைக் கத்தரித்துப் பாறைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்தான். ஆறு மணி நேரத்தில் துலாக்கோல் என்னைக் கேட்டது. மரணக் காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்வு செய்யச் சொன்னது. பட்டியலில் இருபத்தெட்டுக் காரணங்கள். பசி இல்லை. 'வயது மூப்பு' என்று அழுத்தினேன். பதினோரு நிமிடத்தில் மருதியின் கணக்கில் பணம் விழுந்தது, இரங்கல் செய்தியோடு. அந்தப் பதியையே தூக்கி நிறுத்தியிருக்கக்கூடிய வேகம் அது. அதைச் சாவுக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள்.

வாரத்துக்கு மூன்று பேர். நான்கு போனால் கொள்ளைநோய்க் குழு வந்துவிடும். பதி முழுக்க ஒன்றுக்குள் ஒன்று கட்டிய சொந்தம் என்பதால் எல்லாப் படிவத்திலும் மருதியை உறவு என்று எழுத முடிந்தது. அதில் பொய்யே இல்லை. பெட்டனும் இன்னும் சில பிணங்களும் அடிவாரத்துக்கு இறங்கி அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து ஏறினார்கள். மருதி பிரித்தாள். கேமரா இல்லை, கதவு இல்லை.

"செத்தவனுக்கு எதுக்குங்க ரெண்டு கரண்டி?" என்று கேலி பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருநாள் எனக்கும் ஒரு பங்கு வைத்தாள். சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான சோற்றை அதற்கு முன்னும் பின்னும் நான் சாப்பிட்டதில்லை. மழைக்காலம் முடியும்போது பிள்ளைகளின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. ஒன்றரை வயதுக்காரனும் வயது மூப்பால் இறந்து, நடக்கப் பழகியிருந்தான். நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தை மாதம் ஓர் உத்தரவு வந்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வசிக்கும் இடம் பதியாகாது. அதன் வன உரிமைப் பட்டா தானாகவே ரத்தாகும். நீர்க்கல்பதியின் மக்கள்தொகை ஒன்று. மலை ஒரு சொகுசு விடுதிக் கம்பெனிக்கு ஒதுக்கியாகிவிட்டது. ஆதரவற்ற அந்த ஒருவரைச் சமவெளியில் ஒரு காப்பகத்தில் சேர்க்க வேண்டும். இந்த விதி புதிதல்ல. ஒன்பது மாதத்துக்கு முந்தைய சுற்றறிக்கை, என் மேசையிலேயே கிடந்திருக்கிறது. நான் பிரித்துப் பார்க்கவில்லை. துலாக்கோல்மேல் பழிபோட எனக்கு ஆயிரம் இடம் இருக்கிறது, இந்த ஒரு இடத்தைத் தவிர.

காப்பக வண்டியை முதலில் சாலை வழியாக அனுப்பினார்கள். சாலை இல்லாததால் அது அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. பிறகு பறக்கும் வண்டி வந்தது. ஓட்டுநர் கிடையாது. நான் மட்டும் அதில் இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இறங்கியபோது பதியே கூடி நின்றது.

விஷயத்தை மருதியிடம் இரண்டு நாள் முன்பே சொல்லியிருந்தேன். அவர்கள் பேசி முடிவெடுத்திருந்தார்கள்.

"பணம் வாங்கினது குத்தம்னா வழக்குப் போடட்டுங்க சாரு" என்றாள். "ஜெயிலுக்குப் போனா முப்பத்தேழு பேரும் போறோம். மலைய விட்டுப் போக மாட்டோம். நாங்க உசுரோட இருக்கறதச் சொல்லிப்போடுங்க."

வண்டியின் கதவு திறந்தது. குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. "வணக்கம் மருதி அவர்களே. தங்களைத் தவிர இங்கு வேறு எவரேனும் வசிக்கிறார்களா?"

"முப்பத்தாறு பேரு" என்றாள் மருதி.

"பெயர்களைக் கூறவும்."

"பெட்டன்."

"இருக்கறேனுங்க" என்றான் பெட்டன், ஓரடி முன்னால் வந்து.

"பெட்டன், வயது நாற்பத்து நான்கு. காலமானார். ஆழ்ந்த இரங்கல்."

"ரங்கி."

"இருக்கறேன்."

"ரங்கி, வயது இருபத்தெட்டு. காலமானார். ஆழ்ந்த இரங்கல்."

அவள் விடவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். ஒவ்வொருவரும் இருக்கிறேன் என்றார்கள். குழந்தையைத் தாய் தூக்கிக் காட்டினாள். வண்டி ஒவ்வொருவருக்கும் இரங்கல் தெரிவித்தது, அலுப்பே இல்லாமல். முப்பத்தாறும் முடிந்தபின் அது மறுபடி பேசியது.

"கூற்று பதிவோடு முரண்படுகிறது. களச் சரிபார்ப்பாளர் உறுதிசெய்யவும். மருதி அவர்களைத் தவிர இங்கு எவரேனும் வசிக்கிறார்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆம் என்ற ஒரு சொல் போதும். பட்டா பிழைக்கும், வழக்கு வரும். வழக்கில் முதல் பெயர் என்னுடையது. முப்பத்தாறு பொய்ச் சாவுக்கும் கீழே இருப்பது ஒரே கையெழுத்து. ஓய்வுக்கு எட்டு மாதம்தான் இருந்தது. இவர்களைச் சிறையிலிருந்து காப்பாற்றத்தான் என்று அந்த நேரத்தில் எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணத்தை வைத்துக்கொண்டுதான் இன்றுவரை ஓய்வூதியம் வாங்குகிறேன்.

"சொல்லுங்க சாரு" என்றாள் மருதி.

"யாருமில்லை" என்றேன்.

"நன்றி" என்றது வண்டி.

மருதி முகத்தைத் திருப்பிக்கொண்டு பிள்ளைகளிடம் போனாள். பெட்டன்தான் கிட்டே வந்து, என் முகத்துக்கு நேரே நின்று, நிதானமாகக் கேட்டான்.

"அப்ப இத்தன நாளா நீங்க யாருகூடங்க சாரு ஒக்காந்து சோறு தின்னீங்க?"

பதில் சொன்னால் அது பதிவாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.